வலது கதவு ஸ்பீக்கர்

மார்ச் 3

பீப்பம்மாவுக்கு,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. போன வாரம் ஒரே ஒரு தடவை எடுத்தாய். "போன்ல பேசினா நீங்க டிவியை ஓட விட்டுக்கிட்டு உம் கொட்டுவீங்க. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எதைப் பற்றி என்று தெரிந்தால் தலையில் அடித்துக்கொள்வாய். காரில் பாட்டு செட்டு மாற்றுவதைப் பற்றி.

நீ சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போன பிறகு அச்சகத்திலிருந்து வந்தால் வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய்க் காரில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே பாட்டாவது இருக்கிறது. ஆனால் கம்பெனியில் மாட்டிக் கொடுத்த ஸ்பீக்கர் இருக்கிறதே, தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி ஒரு சத்தம். இதையாவது சரி செய்வோம் என்று இறங்கினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் டிக்கி நிறைய ஒரு சப்-வூஃபர் பெட்டியை வாங்கி வைத்தேன். பேஸ் வந்தது. கூடவே நம்பர் பிளேட்டும் ஆட ஆரம்பித்தது, பக்கத்தில் நின்ற கார்கள் ஊளையிட்டன, மேல் வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. செட்டுக் கடைக்காரர் சிரிக்கிறார். "அஸ்திவாரம் இல்லாம மொட்டை மாடி கட்டியிருக்கீங்க சார். முதல்ல முன் கதவு ஸ்பீக்கரை மாத்துங்க" என்கிறார்.

நாள் முழுக்க ஒரு கண்ணாடி அறையில் காது சோதிக்க ஆட்களை உட்கார வைத்து, பீப் பீப் என்று சத்தம் விட்டு, கேட்டால் கை தூக்கச் சொல்கிறவள் நீ. உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். நேரில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா விஷயத்தில் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாய். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேனா?

உன் வீட்டுக்காரன்


மார்ச் 11

உங்களுக்கு,

கடிதம் வந்தது. கடைசி நான்கு வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேட்டேன். அம்மாவால் அந்த மூன்றாவது மாடியில் இனிமேல் தனியாக இருக்க முடியாது, முட்டி இரண்டும் போய்விட்டது, நம்மோடு வந்து இருக்கட்டுமா என்று கேட்டேன். ராத்திரி சாப்பிடும்போது மேசையில் கேட்டேன். அம்மா வீட்டிலிருந்து திரும்பி வரும்போது காரில் கேட்டேன். இரண்டு தடவையும் செவிடன் காதில் ஊதின சங்கு. யோசிக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். உங்களை நெருக்கினால் காரியம் கெட்டுவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தேன். அதற்குள் பால் வாங்கப் படி இறங்கிய அம்மா விழுந்து, எழுந்திருக்காமலே போய்விட்டாள்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாள் கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, என் அண்ணனையும் வைத்துக்கொண்டு, "இவ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போய் கூட்டிட்டு வந்திருப்பேன்" என்று சொன்னீர்களே. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெற்ற தாயைக் கூட வைத்துக்கொள்ள மனசில்லாதவள் என்ற பார்வை அது. அண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பாட்டு செட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.


மார்ச் 20

பீப்பம்மாவுக்கு,

நீ கேட்டதாக எழுதியிருக்கிறாய். நான் இல்லை என்கிறேன். நீ பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. என் காதில் விழவில்லை என்றுதான் சொல்கிறேன். நீ முணுமுணுப்பது எனக்குப் புரிவதில்லை என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? மேசையில் வாய்க்குள் பேசினாய். காரில் கேட்டாயாம். அந்தக் காரில் யார் பேசி யாருக்குக் கேட்டது? கதவெல்லாம் வெறும் தகடு. கடைக்காரர் கதவு அட்டையைக் கழற்றிக் காட்டினார், உள்ளே ஒன்றுமே இல்லை. ரோட்டுச் சத்தம் முழுக்க உள்ளேதான் வருகிறது. இப்போது நாலு கதவுக்கும் கறுப்பாக ஒரு கனமான ஷீட்டு ஒட்டியிருக்கிறது. கதவைச் சாத்தினால் 'தொப்' என்று பெரிய வண்டிக் கதவு மாதிரி சாத்துகிறது. இப்போது வந்து உட்கார்ந்து பார். நீ பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும்.

நீ வேண்டாம் என்றாலும் சொல்லத்தான் போகிறேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? முன் கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றி, சத்தத்தைத் தூக்கிக் கொடுக்க ஒரு ஆம்ப் வைத்து, நானே ஒயர் இழுத்தேன். எர்த் ஒயரை வண்டித் தகட்டில் பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கிவிட்டேன். வண்டியைக் கிளப்பினால் பாட்டோடு சேர்ந்து 'ஙொய்' என்று ஒரு கொசு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்தக் கொசுவும் குரலை உயர்த்துகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடிவிட்டு, பெயின்ட்டைச் சுரண்டி வைத்ததும் அடங்கியது.

இப்போது தீராமல் இருப்பது ஒன்றுதான். வலது கதவு ஸ்பீக்கர், என் பக்கத்தில் இருப்பது, செத்துக் கிடக்கிறது. பாட்டு முழுக்க இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. ஸ்பீக்கரை இடம் மாற்றிப் பார்த்தேன். ஒயரை மாற்றினேன். ஆம்பையே மாற்றினேன். அப்படியேதான் இருக்கிறது. கடைக்காரரை என் சீட்டிலேயே உட்கார வைத்தேன். "எனக்கு நல்லா கேக்குது சார். சொல்லப்போனா உங்க பக்கம்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்கிறான். விற்ற பொருளில் குறை என்று எந்தக் கடைக்காரன் ஒத்துக்கொள்வான்? சண்டை போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 28

உங்களுக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். வேலைப் பழக்கம் விடவில்லை.

கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். நான் சொல்கிறபடி ஒன்று செய்து பாருங்கள். ஏதாவது ஒரு பாட்டை வையுங்கள். இடது-வலது பாலன்ஸை நடுவில் விடுங்கள். உங்கள் சீட்டில் முட்டி போட்டு, முதுகை முன் கண்ணாடிக்குக் காட்டி, பின்பக்கம் பார்த்துத் திரும்பி உட்காருங்கள். இப்போது வலது கதவு உங்கள் இடது காதுக்கு நேராக வரும். கண்ணை மூடிக்கொண்டு, எந்தக் கதவு செத்துக் கிடக்கிறது என்று பாருங்கள்.

வலது கதவே செத்திருந்தால் கடைக்காரர் மேல் தப்பு. போய்ச் சண்டை போடுங்கள்.


ஏப்ரல் 9

பீப்பம்மாவுக்கு,

முட்டி போட்டேன். நம் வளாகத்தில், விளக்குக் கம்பத்துக்குக் கீழே, இந்த வயசில், ஸ்டியரிங்கில் இடுப்பு இடிக்க, ஹாரன் ஒரு தடவை தானாக அடிக்க, திரும்பி உட்கார்ந்தேன். மேல் வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டார். செட்டு டெஸ்ட் பண்ணுகிறேன் என்றேன். நம்பவில்லை.

வலது கதவுக்கு உயிர் வந்துவிட்டது. இடது கதவு செத்துப் போயிற்று.

எனக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நேராகத் திரும்பி உட்கார்ந்தேன், மறுபடி முட்டி போட்டேன். கடைசியில் பாட்டை நிறுத்தினேன். பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

மறுநாளே இங்கே காது டாக்டரிடம் போனேன். உன் அறை மாதிரியே ஒரு கண்ணாடிக் கூண்டு. கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, கேட்டால் அமுக்கச் சொன்னார்கள். இடது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். வலது காதுக்குச் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். மெஷின் ஓடவில்லையோ என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தேன், அந்தப் பெண் தலையாட்டி உட்காரச் சொன்னாள். இடது காது இருபது வயசுக்காரனுடையது மாதிரி இருக்கிறதாம். வலது காது முக்கால்வாசி போய்விட்டதாம். அச்சகத்தில் மடிப்பு மெஷின் இரைச்சலுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டியேதானே இத்தனை வருஷம் நின்றேன். அது மட்டும்தானா என்று பார்க்க ஸ்கேனும் எடுத்தார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

இப்போது நான் கேட்கிறேன். ஊருக்கெல்லாம் காது பார்க்கிறாய். கட்டினவன் காது போனது உனக்குத் தெரியவில்லையே. சங்கு ஊதினாய் சரி, நிஜமாகவே செவிட்டுக் காதில்தான் ஊதியிருக்கிறாய். மேசையில் நீ உட்காருவது என் வலது பக்கம். நீ கேட்டிருப்பாய். எனக்குக் கேட்டிருக்காது. ஆக, யார் மேலும் தப்பில்லை. நான் அன்று கூடத்தில் சொன்னதும் பொய் இல்லை. இதை உன் அண்ணனுக்கு நீயே எழுதிவிடு. நான் எழுதினால் சாக்கு சொல்கிறேன் என்பார்.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 17

உங்களுக்கு,

தெரியவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். டெஸ்டுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம் "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீதான் முணுமுணுக்கறே" என்றது யார்? அதை விடுங்கள். அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலையில் தப்பு செய்தேன். ஒரு பெரியவருக்கு இடது காதுக்கு விட வேண்டிய சத்தத்தை வலது காதுக்கு விட்டேன். நம் சாப்பாட்டு மேசைதான் கண்ணுக்குள் இருந்தது. அடுப்படிக்குப் போய்வரச் சுலபம் என்று நான்தான் அந்த நாற்காலியைப் பிடித்தேன். உங்கள் வலது பக்கம். தினமும் ராத்திரி அங்கே உட்கார்ந்து பேசியிருக்கிறேன். நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவீர்கள். இந்த மனுஷனுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்து நினைத்து, பேச்சைக் குறைத்து, கடைசியில் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பதைக்கூட விட்டேன். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தால் போதும் போலிருக்கிறது. இதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்புறம் அழுகை வருகிறது.

காரிலும் கேட்டேன் என்று எழுதினேன். அன்று மழை பெய்துகொண்டிருந்தது. ரோட்டுச் சத்தமும் இருந்தது என்கிறீர்கள். இருக்கலாம்.

அண்ணனுக்கு இன்னும் எழுதவில்லை. எழுதுவேன்.

அங்கே யாரிடமாவது அவசரப்பட்டுக் காது மெஷின் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். விற்கிறவர்கள் சத்தத்தைக் கூட்டி வைத்து அனுப்பிவிடுவார்கள், ஒரே வாரத்தில் கழற்றி டிராயருக்குள் போட்டுவிடுவீர்கள். இங்கே வாருங்கள். நானே காதுக்கு அளவெடுத்து, சரி செய்து மாட்டிவிடுகிறேன். அப்போது மற்றதையும் பேசலாம். பழைய இடத்துக்கே திரும்ப மாற்றல் கேட்க முடியுமா என்று ஆபீசில் விசாரித்து வைத்திருக்கிறேன். விசாரித்துத்தான் வைத்திருக்கிறேன், வேறு ஒன்றும் இல்லை.

சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள்.


ஏப்ரல் 26

என் பீப்பம்மாவுக்கு,

உன் கடிதத்தை அச்சகத்தில் நின்றபடியே படித்தேன். மெஷின் ஓட்டுகிற பையன்கள் "என்ன சார், சம்பளம் ஏறிடுச்சா?" என்று கேட்டார்கள். அதைவிடப் பெரிசுடா என்றேன். மே 18 வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். ரயிலில் இல்லை, காரிலேயே வருகிறேன். வழி முழுக்கச் செட்டைக் கேட்டுக்கொண்டு வரலாம். திரும்பும்போது உன்னையும் உட்கார வைத்துக் கூட்டிவர வேண்டும் என்று ஆசை.

கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். என் காதுக்குத் தகுந்த மாதிரி பாலன்ஸை வலது பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்துக் கொடுத்தார். "உங்களுக்கு சரியா இருக்கும் சார். ஆனா பக்கத்து சீட்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு நல்லா இருக்காது" என்றார். நீ வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

செட்டு இப்போது எப்படிப் பாடுகிறது தெரியுமா? பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்கிறது. வீணைக் கம்பியில் விரல் உரசுவது கேட்கிறது. ஒன்றும் தெரியாமல் ஆரம்பித்தவன் நான். சப்-வூஃபரை முதலில் வாங்கின முட்டாள். இப்போது என்னிடம் வந்து நாலு பேர் யோசனை கேட்கிறார்கள். முதலில் கதவைச் சரி பண்ணு, அப்புறம் ஸ்பீக்கரை வாங்கு என்று வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று உனக்குச் சொன்னதே இல்லையே. நீ போன பிறகு பிடித்ததென்று நினைத்திருப்பாய். அதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டது. அன்றைக்கு உன் அம்மா வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாலத்துக்கு மேல் ஏறும்போது நான் சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். அவ்வளவுதான், கதவு அட்டை கறகறவென்று கத்த ஆரம்பித்தது, பாட்டு நாராசமாகிவிட்டது. நீகூட முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாய், வீடு வந்து சேரும் வரை பேசவே இல்லை. அன்றைக்கே மனசுக்குள் முடிவு பண்ணினேன், இந்த டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு நல்ல செட்டு மாட்டாமல் விடுவதில்லை என்று. பார், சொன்னபடி செய்துவிட்டேன்.

அண்ணனுக்கு எழுதிவிட்டாயா? எழுதிவிடு. அவர் மனசில் நான் பொய் சொன்னேன் என்று ஒரு எண்ணம் வர வேண்டாம்.

உன் வீட்டுக்காரன்


மே 6

உங்களுக்கு,

போன கடிதத்தில் காரைப் பற்றி இரண்டு மூன்று வரியில் முடித்தேன், கவனித்தீர்களா? காரில் நான் உட்கார்ந்திருந்தது உங்கள் இடது பக்கம். இருபது வயசுக்காரனுடைய காது என்று டாக்டர் சொன்னாரே, அந்தப் பக்கம். காது பார்த்தே பிழைக்கிறவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் மழையை எழுதினேன். ரோட்டுச் சத்தத்தை எழுதினேன். நீங்கள் சொன்னதை நம்ப ஆசைப்பட்டேன். நம்பினால் வீட்டுக்கு வரலாம், அண்ணனோடு பேசலாம், அம்மா போனதற்கு ஒரு மடிப்பு மெஷினைக் காரணம் காட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அதற்காக எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன்.

அன்றைக்குப் பாலம் வருகிறவரை எனக்கு வாய் வரவில்லை. மழை விடட்டும், இவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். மழை விட்டதும் கேட்டேன். முணுமுணுக்கவில்லை. "அம்மாவை நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வந்துரலாமாங்க? மூணு மாடி ஏறி இறங்க முடியலை அவங்களால. ஒருநாள் விழுந்துட்டாங்கன்னா?" இதுதான் நான் கேட்டது. கடைசி வார்த்தை முடியவும் உங்கள் கை போய்ச் சத்தத்தைத் திருப்பியது. கதவு கத்தினது எனக்கும் நினைவிருக்கிறது. நான் முகத்தைச் சுளித்தது பாட்டுக்காக இல்லை.

அந்தக் கையை நான் பார்த்தேன். ஆனாலும் தற்செயலாக இருக்கும், பிடித்த பாட்டாக இருக்கும் என்று இத்தனை நாளும் உங்களுக்காக நானே வாதாடினேன். இப்போது நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கடைசி வரைக்கும் திருப்பினேன் என்று. பக்கத்தில் இருக்கிறவள் பேசுவது காதில் விழாதவனுக்குச் சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருப்ப வேண்டிய அவசியம் என்ன?

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அப்புறம் அண்ணனோடு சண்டை போட்டாவது அம்மாவுக்குத் தரையோடு ஒரு வீடு பார்த்திருப்பேன். உங்களுக்கு முடியாது என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்கவும் மனசில்லை, சரி என்று சொல்லவும் மனசில்லை. நான் பதில் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். கேட்டது தெரிந்திருந்தும் கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, இவள் கேட்கவே இல்லை என்று சொன்னீர்கள். அம்மா செத்ததைக்கூட மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். இதை என்னால் முடியவில்லை.

அண்ணனுக்கு எழுதிவிட்டேன், உங்கள் கடைசிக் கடிதத்தையும் வைத்து அனுப்பியிருக்கிறேன். மாற்றல் விசாரித்ததை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் இரண்டு அறை உள்ள வீடு ஒன்று காலியாகிறது, அதற்குக் கேட்டிருக்கிறேன். நம் வீட்டில் இருக்கும் என் சாமான்களை அண்ணன் வந்து எடுத்துக்கொள்வார்.

பதினெட்டாம் தேதி நீங்கள் கட்டாயம் வர வேண்டும். இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அச்சகத்து மெஷின் பக்கத்தில் நிற்கும்போது காதில் அடைப்பான் போட வேண்டும், இது கோபத்தில் சொல்வதில்லை. ஒன்பது மணிக்கு டோக்கன் போட்டு வைத்திருக்கிறேன். என்னோடு வேலை செய்கிற பெண் அளவெடுத்து மாட்டிவிடுவாள். கெட்டிக்காரி, பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். நீங்கள் யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு நான் லீவு.